‘அதை விடுங்கள்’

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 53 வயது, பாளையங்கோட்டையில் வசிக்கிறேன். போன வாரம் மகள் ஓர் ஆங்கிலப் படம் போட்டாள். 1992-இல் வந்த ‘டெத் பிகம்ஸ் ஹர்’. இரண்டு பெண்கள் இளமை மாறாதிருக்க ஒரு மருந்தைக் குடிக்கிறார்கள். சாவு வராது, உடம்பு மட்டும் உடைந்துகொண்டே போகும். மெரில் ஸ்ட்ரீப் படியில் உருண்டு, கழுத்து முதுகுப்பக்கம் திரும்பியபடி எழுந்து வந்தார். என் கணவர் மகளிடம், ‘இது உன் அம்மாதான்’ என்று சிரித்தார். அவளும் சிரித்தாள்.

மாசியிலிருந்துதான் தலைக்குச் சாயம் பூசுகிறேன். ஏதோ இருபது வருடமாகப் பூசுவதைப் போலப் பேசுகிறார். அவர் மீசைக்கு மை தீட்டுவதில்லையா? ஆனித் தேரன்று உறவுக்காரர் முன்னால், ‘இவள் கண்ணாடியை விட்டு வருவதற்குள் தேர் நிலைக்கு வந்துவிடும்’ என்றார். என் சம்பளம், என் தலை. காதோரம் அரிக்கிறது, கேட்க ஆளில்லை. அம்மாவிடம் சொல்லி அழலாமென்றால் அவளுக்கு நினைவு தப்பிவிட்டது. பொங்கலுக்கு அம்பாசமுத்திரம் போனபோது என் நரையைத் தடவி, ‘அம்மா, எப்போது வந்தாய்?’ என்றாள். என்னை ஆச்சி என்று நினைத்துவிட்டாள். பிறகு நான் போகவில்லை, மதினி பார்த்துக்கொள்கிறார். அதை விடுங்கள். மகள் முன்னால் சிரித்தாரே, அது சரியா?

அன்புள்ள சகோதரிக்கு,

சரியில்லை. மீசையைப் பற்றி அவரிடமே கேளுங்கள். அரிப்புக்குத் தோல் மருத்துவரைப் பாருங்கள். பல சாயங்களில் இருக்கும் பாராபினைலின்டையமின் சிலருக்கு ஒவ்வாது. அதுவரை சாயத்தைத் தொட வேண்டாம்.

‘அதை விடுங்கள்’ என்றீர்களே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை.

தையில் அம்மா உங்கள் நரையைத் தடவினார். மாசியில் அதைக் கறுப்பாக்கிவிட்டீர்கள். அந்தப் படத்துப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி மிஞ்சுவதற்காக மருந்து குடித்தவர்கள். உங்கள் கதை அதுவல்ல. கறுத்த தலையோடு போனால் மகளாகத் தெரிவோம் என்று நினைத்திருக்கிறீர்கள். ஆனாலும் போகவில்லை. போய், அப்போதும் தெரியாவிட்டால்? அந்தப் பயத்தை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. கணவருக்குத் தெரிந்ததெல்லாம் கண்ணாடி மட்டும்தான்.

பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இத்தனை மாதமாக மதினி ஒருவரே தூக்கிச் சுமக்கிறார். இந்த இடத்தில் நான் உங்கள் பக்கம் இல்லை.

நினைவு தப்பும்போது பெரும்பாலும் அண்மைக்காலம்தான் முதலில் போகும். அம்மா இப்போது நிற்கும் வயதில் நீங்கள் இன்னும் பிறக்கவில்லை, ஆச்சி மட்டும் இருக்கிறார். உங்களை மறந்ததாக அதை எடுத்துக்கொண்டீர்கள். பெற்ற தாய் வாசலுக்கு வந்துவிட்டாள் என்ற சந்தோஷத்தில் தடவிய கை அது. படத்தில் சாகாத அந்த இருவரும் கடைசியில் ஒருத்தி உடம்புக்கு ஒருத்தி வண்ணம் பூசிக்கொண்டு கிடக்கிறார்கள், வேறு நாதியில்லை. உங்களுக்கு அந்தக் கை இன்னும் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை தென்காசி ரயிலில் ஏறி அம்பாசமுத்திரத்தில் இறங்குங்கள். மதினியை இரண்டு நாள் அவர் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். அம்மா மறுபடியும் ‘அம்மா, எப்போது வந்தாய்?’ என்று கேட்டால் திருத்த வேண்டாம். இப்போதுதான் வந்தேன் என்று சொல்லுங்கள்.