முடக்குவாதத்தோடு பழைய சேலைப் போர்வையைத் தைத்து முடிக்க முடியுமா?

கேட்டவர் சொன்னது இது: வயது 38, முடக்குவாதம் (மூட்டுகள் வீங்கி வலிக்கிற நோய்) வந்து மூன்று வருடம். பாட்டி பழைய சேலைகளை அடுக்கித் தைத்துவந்த போர்வை ஒன்று முக்கால்வாசியில் நின்றுவிட்டது, அங்கங்கே கிழிந்தும் போயிருக்கிறது. ஊசி பிடித்துப் பத்து நிமிடத்தில் விரல்கள் வலிக்கின்றன. விட்டுவிடலாமா, மெஷினில் கொடுத்துவிடலாமா, வேறு வழி உண்டா?

வேறு வழி உண்டு. எனக்கும் அதே நோய்தான், பதினோரு வருடமாக. என் அம்மா முடிக்காமல் விட்டுப்போன போர்வையை நான் தைத்து முடித்தேன். ஐப்பசியில் தொடங்கி ஆடி வரை இழுத்தது. நான் மருத்துவரும் இல்லை, தையல் ஆசிரியையும் இல்லை. என் கைக்கு எது ஒத்துவந்தது, எது ஒத்துவரவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

ஊசியை எடுப்பதற்கு முன்னால் ஒரு கணக்குப் போடுங்கள். நான் அதைச் செய்யாமல் தொடங்கிவிட்டேன். எங்கள் ஓசூர்ப் பக்கம் தெலுங்கு வீடுகளில் இந்தப் போர்வையை பொந்த என்பார்கள், கன்னட வீடுகளில் கௌதி. அம்மா ஒரு நூல் சேலையை மூன்றாக மடித்து, அதன்மேல் அப்பாவின் எட்டு முழ வேட்டியை இரண்டாக மடித்துப் போட்டு, எல்லாவற்றுக்கும் மேலே ஒட்டுத்துணிகளைப் பரப்பியிருந்தாள். ஐந்தரை மீட்டர் சேலையை மூன்றாக மடித்தால் நீளம் சுமார் 1.8 மீட்டர், அகலம் 1.15 மீட்டர். இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு வரிசை ஓட்டினால் 57 வரிசை வரும். மொத்தத் தையல் 100 மீட்டருக்கும் மேல். அம்மா விட்ட இடத்திலிருந்து மிச்சம் 21 வரிசை, அதாவது சுமார் 38 மீட்டர். பார்வைக்கு "இன்னும் கொஞ்சம்தான்" என்று தெரிந்தது. 38 மீட்டர் என்று தாளில் எழுதிப் பார்த்த பிறகுதான், இது ஒரு வாரத்து வேலை இல்லை என்று மனசு ஒப்புக்கொண்டது. அதை ஒப்புக்கொண்டால் அவசரம் போய்விடும். வலியைக் கூட்டுவதில் பாதிப் பங்கு அந்த அவசரத்துக்குத்தான் என்பது என் அனுபவம்.

மெஷினில் கொடுக்காதீர்கள். பல வருடம் துவைத்து மெலிந்த பருத்தித் துணியில் மெஷின் ஊசி நெருக்கமாகத் துளை போட்டுக்கொண்டே போகும். தபால்தலைத் தாளில் கிழிக்க வசதியாகத் துளை போட்டிருப்பார்களே, அந்த மாதிரி ஆகிவிடும். பாலியெஸ்டர் நூல் பழைய துணியைவிட வலுவானது. இழுபடும்போது நூல் அறுவதற்குப் பதிலாகத் துணி அறுந்துவிடும். பழைய துணிக்கு எப்போதும் அதைவிட வலுக்குறைந்த நூல்தான் நல்லது. நூல் அறுந்தால் மறுபடி தைத்துக்கொள்ளலாம், துணி போனால் போனதுதான். நான் ஆறு இழை எம்பிராய்டரி பருத்தி நூலில் மூன்று இழையைப் பிரித்து, தேன்மெழுகில் ஒரு தடவை இழுத்துவிட்டுத் தைத்தேன். மெழுகு போட்டால் சிக்கு விழாது. வலிக்கிற விரலால் சிக்கெடுப்பது தைப்பதைவிடக் கொடுமை.

இனி கை விஷயம். முடக்குவாதக் கைக்கு எதிரி தையல் இல்லை, கிள்ளிப் பிடிக்கிற பிடிதான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து மெல்லிய ஒன்றை இறுக்கிப் பிடிக்கும்போது அந்தச் சின்ன மூட்டுகளின் மேல் விழும் பாரம் அதிகம். அதனால் எல்லா மாற்றமும் அந்தப் பிடியைத் தளர்த்துவதற்காகத்தான். போர்வை தைப்பதற்கென்று விற்கிற குட்டை ஊசியை வாங்கிவிடாதீர்கள், அது இன்னும் இறுக்கிப் பிடிக்க வைக்கும். சற்று நீளமான, தடித்த ஊசி போதும். ஊசி எண் குறையக் குறையத் தடிமன் கூடும், ஏழாம் எண் எனக்குச் சரியாக இருந்தது. ஊசியை இழுக்க ஒரு ரப்பர் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். வெடித்த பலூனில் வெட்டியது போதும். வழுக்காமல் பிடிக்கும், பாதி பலத்தில் ஊசி வெளியே வரும். தள்ளுவதற்கு நடுவிரலில் திம்பிள் என்கிற விரல்கவசம். எங்களைப் போல நோய் எதிர்ப்பைக் குறைக்கிற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஊசிக்குத்து சின்ன விஷயம் இல்லை என்பதும் அதைப் போடுவதற்கு ஒரு காரணம். குத்திய இடம் சிவந்து வீங்கினால் அன்றே காட்டிவிடுங்கள்.

நூல் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம். நீளமாகக் கோத்தால் ஒவ்வொரு தையலுக்கும் கையை விரித்து இழுக்க வேண்டும், சாயங்காலம் தோள்பட்டை கேட்கும். குட்டை நூல் என்றால் அடிக்கடி கோக்க வேண்டுமே என்பீர்கள். என் மகன் காலையில் வேலைக்குப் போவதற்கு முன் பத்து ஊசியில் நூல் கோத்துச் சின்னத் தலையணையில் குத்தி வைத்துவிட்டுப் போவான். முடிச்சும் போடுவதில்லை. வரிசை தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் அதே இடத்தில் மூன்று பின்தையல் போட்டால் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் போர்வையின் எடை. அம்மா தரையில் உட்கார்ந்து மடியில் போட்டுத் தைத்தாள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். மடியிலிருந்து சரிகிற பாரத்தை இடது கைவிரல்கள் தாங்கிக்கொண்டே இருக்கின்றன என்பதை ஒரு மாதம் கழித்துத்தான் கவனித்தேன். தைக்கிற கை வலது, வீங்குகிற கை இடது. முழங்கை உயரத்து மேசையில் முழுப் போர்வையையும் பரப்பி, தைக்கிற இடத்தை மட்டும் என் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டேன். அந்த ஒரு மாற்றத்துக்கு இணையாக வேறு எதுவும் எனக்கு உதவவில்லை.

எவ்வளவு நேரம் தைப்பது? இங்கேதான் நான் நன்றாக அடிபட்டேன். தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு நாள் காலையில் கை லேசாக இருந்தது. எங்களுக்குத்தான் தெரியும், அப்படி ஒரு காலை எவ்வளவு அபூர்வம் என்று. மற்ற நாட்களில் எழுந்து ஒரு மணி நேரம் கை மரக்கட்டை மாதிரி இருக்கும், டம்ளரைக்கூட இரண்டு கையால்தான் பிடிப்பேன். அன்று அப்படி இல்லை. விட்டதை எல்லாம் பிடித்துவிடலாம் என்று பதினொரு மணிக்கு உட்கார்ந்தவள் மூன்றரைக்கு எழுந்தேன். மூன்று வரிசை முடிந்திருந்தது, அவ்வளவு சந்தோஷம். மறுநாள் இரண்டு மணிக்கட்டும் வீங்கி, ஒன்பது நாள் ஊசியைத் தொடவில்லை. தீபாவளிக்கு முறுக்குக்கு மாவு பிசையவும் முடியவில்லை. கணக்குப் பார்த்தால் மூன்று வரிசைக்குப் பத்து நாள். தினமும் அரை வரிசை தைத்திருந்தால் அதே பத்து நாளில் ஐந்து வரிசை வந்திருக்கும்.

வலி வந்ததும் நிறுத்தலாம் என்று காத்திருந்தால், நல்ல நாளில் நிறுத்தவே மாட்டோம். நிறுத்தச் சொல்வது கடிகாரமாக இருக்கட்டும். நான் போனில் பதினைந்து நிமிடம் வைப்பேன். மணி அடித்தால் தையல் பாதியில் நின்றாலும் ஊசியை அப்படியே துணியில் குத்திவிட்டு எழுந்துவிடுவேன், கை நன்றாக இருந்தாலும்கூட. அரை மணி நேரம் வேறு வேலை, பிறகு இன்னொரு பதினைந்து நிமிடம். ஒரு நாளைக்கு அதோடு சரி. அளவு சரியா என்று பார்க்க பிசியோதெரபிஸ்ட் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார்: வேலை முடிந்து இரண்டு மணி நேரம் ஆன பிறகும் தொடங்கும்போது இருந்ததைவிட வலி அதிகமாக இருந்தால், அன்று செய்தது அதிகம், அடுத்த முறை குறைக்க வேண்டும். பதினைந்து நிமிடமே அதிகம் என்றால் எட்டு நிமிடம். எட்டு நிமிடமும் தையல்தான். காலையில் விறைப்பு இருக்கும்போது தொடவே வேண்டாம். வெந்நீரில் கையைப் பத்து நிமிடம் வைத்து எடுத்து, துடைத்துக்கொண்டு பதினொரு மணிவாக்கில் உட்காருங்கள். முடக்குவாதத்துக்குக் கொடுக்கிற மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறீர்களா? எனக்கு ஞாயிறு ராத்திரி அந்த மாத்திரை, திங்கள் முழுக்க அசதி, அதனால் திங்கள் தையல் கிடையாது. (அந்த மாத்திரை வாரத்துக்கு ஒரே ஒரு நாள். தினமும் என்று தவறாக எடுத்து உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. கிழமையைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.)

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இந்தப் பதில் நிறையாது. ஏழாவது வரிசையை முடித்துவிட்டுப் போர்வையை முழுதாக விரித்துப் பார்த்தேன். அம்மா தைத்த 36 வரிசையும் ஒன்றுபோல இல்லை. தொடங்கின பக்கத்தில் அரிசி மணி மாதிரி சின்னச் சின்னத் தையல். இருபது வரிசை தாண்டியதும் தையல் நீளமாகிறது. முப்பதுக்கு மேல் இடைவெளி விட்டு, சாய்ந்து சாய்ந்து போகிறது. சில இடங்களில் ஊசி அடி அடுக்கு வரை போகவே இல்லை. கண் பார்வை குறைந்ததால் அப்படித் தைத்தாள் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். என் வரிசையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது புரிந்தது. என் மோசமான நாட்களின் தையலும் அப்படியே இருந்தது, அதே நீளம், அதே சாய்வு. அவள் கை வலித்திருக்கிறது. அவளுக்கு என்ன நோய் என்று யாரும் பார்க்கவில்லை, அவளும் சொல்லவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டும் மாவாட்டிக்கொண்டும் இருந்தாள்.

அந்த வரிசைகளைப் பிரித்துச் சரியாகத் தைத்துத் தருகிறேன் என்று என் தங்கை சொன்னாள். விடவில்லை. அடி அடுக்கு பிடிக்காத இடங்களில் மட்டும் அம்மாவின் வரிசைக்குப் பக்கத்தில் ஒரு வரிசை கூடுதலாக ஓட்டினேன். உங்கள் பாட்டியின் தையலையும் பிரித்துவிடாதீர்கள். உங்கள் தையல் கோணலாக வந்தால் அதையும் பிரிக்க வேண்டாம். பிரிப்பதுதான் விரலுக்கு மிக அதிக வேலை, துணிக்கும் கேடு.

கிழிசல்களுக்கு வருகிறேன். இற்றுப்போன துணியை வெட்டி எடுக்காதீர்கள், அது உள்ளேயே இருக்கட்டும். அதன்மேல் ஒட்டுப் போடுங்கள். ஒட்டுக்குப் புதுத்துணி கூடாது. புதுசின் விறைப்பு பழசை இழுத்துக் கிழிக்கும். பலமுறை துவைத்த பழைய நூல் சேலை, பழைய லுங்கி இவைதான் சரி. கிழிசலைச் சுற்றி நல்ல துணி எங்கே தொடங்குகிறதோ அதுவரை ஒட்டு வர வேண்டும், அதற்கு மேலும் இரண்டு விரற்கடை. மூலைகளை வளைவாக வெட்டினால் இழுப்பு ஒரே இடத்தில் விழாது. கத்தரிக்கோல் பிடிப்பதும் கைக்குக் கெடுதல் என்பதால், வெட்டுகிற வேலையை எல்லாம் தெருமுனைத் தையல்கடை அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். தைப்பது மட்டும் என் கையால் இருந்தால் போதும் என்று முடிவு செய்துகொண்டேன்.

தொடங்குவதற்கு முன் துவைக்க வேண்டியிருந்தால், ஈரத்துணியால் ஒவ்வொரு நிறத்தையும் தேய்த்துப் பார்த்துவிடுங்கள். நான் பார்க்காமல் ஊறவைத்து, ஒரு சிவப்புத் துண்டின் சாயம் அப்பாவின் வேட்டி வரை இறங்கிவிட்டது. இன்னும் அந்தக் கறை இருக்கிறது. பூந்திக்கொட்டைத் தண்ணீர் போதும். நனைந்த போர்வையை நீங்கள் தூக்கவே கூடாது, பிழியவும் கூடாது. இரண்டு பேர் அதை ஒரு பெட்ஷீட்டில் ஏந்தி எடுத்து நிழலில் பரப்பட்டும்.

கடைசியில் ஓரம். வட கர்நாடகத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் சித்தி சமூகத்துப் பெண்கள் கவந்தி என்று ஒரு போர்வை தைக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். ஒரு மூலையில் தொடங்கி ஓரத்தைச் சுற்றிச் சுற்றி உள்ளே வந்து நடுவில் முடிப்பார்கள். ஓரம் முதலிலேயே முடிந்துவிடுவதால் வேலை எங்கே நின்றாலும் பிசிறாது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு நானும் மிச்ச வரிசைகளை நிறுத்திவைத்துவிட்டு ஓரத்தை முதலில் முடித்தேன். கை எப்போது மக்கர் செய்யும் என்று தெரியாத நமக்கு ஏற்ற முறை இதுதான். ஓரத்தில் மடித்துத் தைக்கிற பட்டிக்குத் தனியாகத் துணி தேட வேண்டாம், பழைய சேலையின் கரையே நெருக்கமான நெசவு, ஒரு பக்கம் பிசிறவும் பிசிறாது. நான்கு விரல் அகலக் கரையை நடுவில் மடித்து ஓரத்தைக் கவ்வக் கொடுத்துத் தையுங்கள். முகத்துப் பக்கம் வருகிற ஓரத்துக்கு இரண்டு பட்டி, அங்கேதான் தினமும் பிடித்து இழுப்போம்.

ஒரே ஒரு கேள்வி உங்களிடம். மூன்று வருடம் ஆகியும் பத்து நிமிடத்தில் வலிக்கிறது என்கிறீர்கள். இப்போது சாப்பிடுவது வெறும் வலி மாத்திரையா, நோயைக் கட்டுப்படுத்துகிற மருந்தா? நான் முதலில் போன இடத்தில் ஒன்றரை வருடம் வலி மாத்திரை மட்டுமே கொடுத்தார்கள். வலியை அது குறைத்தது, மூட்டு அரித்துப்போவதை நிறுத்தவில்லை. என் வலது சுண்டுவிரல் அந்தக் காலத்தில் கோணியதுதான், திரும்பவில்லை. மூட்டுவாத நிபுணர் ஒருவரை இதுவரை பார்க்கவில்லை என்றால், ஊசி வாங்குவதற்கு முன் அதைச் செய்யுங்கள். பார்த்துவிட்டு வந்து, போர்வையின் கிழிந்த மூலையைப் படம் எடுத்துக் கீழே போடுங்கள். எங்கே ஒட்டு, எங்கே வெறும் தையல் என்று பார்த்துச் சொல்கிறேன்.