அக்லும் ஒட்டகக் கயிறும்

கேள்வி: அரபியில் அறிவுக்கு 'அக்ல்' என்று பெயர். ஒட்டகத்தைக் கட்டும் கயிறான 'இகால்' என்பதும் அதே வேர்ச்சொல்லில் பிறந்தது என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். அறிவு என்றாலே அடக்கம்தான் என்பதற்கு இது ஆதாரம் அல்லவா?

பதில்: வேர் ஒன்றுதான், அதில் சந்தேகமில்லை. ஒட்டகத்தை மண்டியிட வைத்து மடங்கிய முன்னங்காலைச் சேர்த்துக் கட்டிவிட்டால் எழுந்து ஓடாது, அந்தக் கயிறுதான் இகால். 10ஆம் நூற்றாண்டு அகராதிக்காரர் இப்னு ஃபாரிஸும் இந்த வேரின் மூலக்கருத்து தடுத்து நிறுத்துவது என்றே எழுதினார். ஆனால் 'ஆதாரம்' என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு வழக்கு.

அதே வேரின் மற்ற பிள்ளைகளையும் பாருங்கள். கொலைக்கு ஈடாகக் கொடுக்கும் ரத்தப் பணத்துக்கும் அக்ல் என்றுதான் பெயர். ஈடாக வந்த ஒட்டகங்களை இறந்தவரின் உறவினர் வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து கட்டியதால் அப்படி. பிறகு வெள்ளிக் காசாகக் கொடுத்த காலத்திலும் பெயர் மாறவில்லை. தவறுதலாக நடந்த கொலைக்கு அந்த ஈட்டைச் சேர்ந்து சுமக்கும் தந்தைவழி உறவினர்கள் 'ஆகிலா'. கோட்டைக்கு 'மஅகில்'. வயிற்றுப்போக்கைக் கட்டும் மருந்துக்கு 'அகூல்'. இன்றைய அரபுச் செய்திகளில் தடுப்புக்காவல் முகாம் 'முஅதகல்'. இகால் அறிவின் இலக்கணத்துக்கு ஆதாரம் என்றால் முஅதகலும் ஆதாரமாகிவிடும், அறிவாளி என்றால் சிறைப்பட்டவன் என்று இன்னொரு சொற்பொழிவாளர் கிளம்பலாம். அவருக்கும் அதே வேர்தான் துணை நிற்கும்.

வேரை வைத்து ஒரு சொல்லின் பொருளையே சில நேரம் முடிவு செய்ய முடியாது. நபிகள் மறைந்தபின், ஜகாத் என்ற கட்டாயத் தருமத்தைத் தர மறுத்தவர்களிடம் முதல் கலீஃபா அபூபக்கர், ஒரு இகாலைத் தர மறுத்தாலும் போர் செய்வேன் என்றார். இகால் என்றால் அங்கே கயிறா, ஓர் ஆண்டு ஜகாத்தா என்று பழைய உரையாசிரியர்களே இரண்டாகப் பிரிந்தார்கள். அவர்கள் பழங்கவிதையில் அந்தச் சொல் எப்படி வழங்கியது என்று தேடினார்கள். அதுதான் முறை. குர்ஆனை எடுத்துக்கொள்ளுங்கள், அக்ல் என்ற பெயர்ச்சொல் அதில் ஓரிடத்திலும் கிடையாது, வினையாக மட்டும் 49 இடங்களில் வருகிறது, பல இடங்களில் 'சிந்திக்க மாட்டீர்களா' என்ற கேள்வியாக. சிந்தி என்று உசுப்புகிற அந்த வினையில் கயிற்றைத் தேடுவது வீண்.

அப்புறம், நம் எழுத்து செய்யும் ஒரு குழப்பம். அரபியில் சாப்பிடுவதற்கும் 'அக்ல்' என்றுதான் தமிழில் எழுத வேண்டியிருக்கிறது. அது வேறு வேர்: அலிஃப் என்ற எழுத்தில் தொடங்கும், அதன் ககரமும் வேறு. அறிவின் அக்ல் தொண்டையில் பிறக்கும் ஐன் என்ற எழுத்தில் தொடங்குகிறது. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிவதால் உண்பதும் அறிவதும் ஒன்றே என்று கட்டுரை எழுதுகிறவர்கள் மீது எனக்குத் தீராத கோபம் உண்டு. ஒலி ஒத்திருந்தால் உறவு என்று முடிவு கட்டுவது ஆராய்ச்சியே அல்ல.

அந்தக் கயிற்றை நபிமொழி ஒன்றில் பார்க்கலாம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பவா, அவிழ்த்து விட்டுவிட்டு நம்பவா என்று ஒருவர் கேட்க, 'கட்டிவிட்டு நம்பு' என்று நபிகள் சொன்னதாகத் திர்மிதி தொகுப்பில் இருக்கிறது. அந்த 'நம்பு'தான் தவக்குல், ஒப்படைத்துவிட்டு நம்புவது. அதே வேரில் பிறந்த வக்கீல் என்றால் நம் காரியத்தை ஒப்படைக்கப்பட்டவர். பாரசீகமும் உருதுவும் கடந்து நம் நீதிமன்றத்துக்கு வந்த சொல் அது. அதை 'வாக்கு' என்பதிலிருந்து பிரித்து எழுதிய வாசக நண்பருக்கு இதே பக்கத்தில் முன்பு மறுப்பு எழுதினேன், அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. வக்காலத்தையும் அதே வழியில் பிரித்துக் காட்டட்டும், இங்கேயே வெளியிடுகிறேன்.