டப்பாவில் செய்யும் அடுப்பு: முதுகுப்பையில் சுமக்கும் சமையல் சாமான் பற்றிக் கேள்வி பதில்

முதுகுப்பையோடு மலை ஏறுகிறவர்கள் சமையல் சாமானைத் தாங்களே செய்துகொள்வது பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பதில் எழுதுகிறேன். நான் பன்னிரண்டு வருடமாக ஸ்பிரிட் அடுப்பு, அதாவது ஆல்கஹாலை ஊற்றி எரிக்கிற சின்ன அடுப்பு, செய்கிறேன், நாற்பதுக்கு மேல் செய்திருப்பேன். ஒரு வேண்டுகோள்: எதைச் செய்தாலும் முதல் தடவை வெட்டவெளியில், வெறும் தரையில், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு பற்றவைத்துப் பாருங்கள்.

கேள்வி: அக்கா, நான் இதற்கு முன் எதையும் செய்ததில்லை. எந்த அடுப்பில் தொடங்கலாம்?

பூனை உணவு வருகிற 85 கிராம் அலுமினிய டப்பா ஒன்று போதும் தம்பி. நன்றாகக் கழுவிவிட்டு, காகிதத்தில் ஓட்டை போடுகிற பஞ்சிங் மெஷினால் விளிம்புக்குச் சற்றுக் கீழே சுற்றிலும் 16 ஓட்டை போடு. அதற்குக் கீழே, மேல் ஓட்டைகளின் இடைவெளியில் வருகிற மாதிரி இரண்டாவது வரிசை. அவ்வளவுதான், கால் மணி நேர வேலை. பாத்திரத்தை நேராக இதன் தலையிலேயே வைக்கலாம், தனியாகத் தாங்கி வேண்டாம்.

ஆனால் உள்ளே ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்தவுடனே பாத்திரத்தை வைத்துவிடாதே, அணைந்துவிடும். ஒரு அரை நிமிடம் விடு. ஸ்பிரிட் சூடாகி லேசாகக் கொதிக்க ஆரம்பித்த பிறகு வைத்தால், டப்பாவின் வாய் மூடிக்கொள்ளும், ஆவி பக்கத்து ஓட்டைகள் வழியாக வந்து எரியும். பாத்திரம் அகலமாக இருக்கட்டும், 11, 12 செ.மீ. இருந்தால் நல்லது. குறுகலான டம்ளரை வைத்தால் தீ பக்கவாட்டில் ஏறி வீணாகப் போகும்.

கேள்வி: இவ்வளவு மெல்லிய அலுமினியம் தீயில் உருகிவிடாதா?

அலுமினியம் உருக 660 டிகிரி வேண்டும். ஸ்பிரிட்டில் இருக்கிற ஆல்கஹாலான எத்தனால் 78 டிகிரியில் கொதித்துவிடும். திரவம் இருக்கிற வரைக்கும் வெப்பத்தை அது உறிஞ்சி ஆவியாகிக்கொண்டே இருப்பதால் டப்பாவின் சுவர் அதிகம் சூடேறாது. அதே டப்பாவை விறகுத் தணலில் போட்டுப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் ஓட்டை விழுந்துவிடும். முதல் தடவை எரிக்கும்போது பெயின்ட்டும் உட்பூச்சும் கருகி நாறும். அந்தப் புகையை மூச்சில் இழுக்காதீர்கள், அந்தத் தீயில் சமைக்கவும் வேண்டாம்.

கேள்வி: சோடா கேனில் இரட்டைச் சுவர் அடுப்பு செய்ய மூன்று முறை முயன்றேன். ஒவ்வொரு தடவையும் விளிம்பு கிழிந்துவிடுகிறது. எங்கே தப்பு செய்கிறேன்?

கத்தரிக்கோலால் வெட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அதை விட்டுவிடுங்கள். தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து, கேனில் எந்த உயரத்தில் வெட்டு வேண்டுமோ அந்த உயரத்துப் பக்கத்தில் பிளேடைச் செருகி, முனை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி வைத்து, மேலே கனமாக எதையாவது ஏற்றுங்கள். கேனை மேசையில் நிற்கவைத்து பிளேடு முனையில் லேசாக உரசும்படி மெதுவாகச் சுற்றுங்கள். அழுத்தம் கூடாது. எட்டுப் பத்துச் சுற்றில் ஒரு மெல்லிய கோடு விழும், விரல் நகத்தால் தடவினால் தெரியும். கோட்டுக்கு ஒட்டினாற்போல் கட்டைவிரலால் அழுத்தினால் 'டிக்' என்று ஓரிடத்தில் விடும், அப்புறம் அந்தக் கோடு வழியாகவே முழுசும் பிரிந்துவரும். ஓரத்தை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். கிழிசலெல்லாம் கண்ணுக்குத் தெரியாத சின்னப் பிசிறில்தான் ஆரம்பிக்கும்.

இன்னொன்று, தீ வருகிற ஊசித் துளைகளைக் கேனை வெட்டுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். முழுக் கேன் விறைப்பாக இருக்கும், வெட்டிய பிறகு துளைத்தால் நசுங்கும். இரண்டு கேன்களின் அடிப்பாகத்தை வெட்டி ஒன்றுக்குள் ஒன்று செருகுவதுதான் இந்த அடுப்பு, ஆனால் இரண்டும் ஒரே அளவு என்பதால் அப்படியே போகாது. திறக்காத ஒரு கேனின் அடியைக் கீழ்ப் பாதிக்குள் திருகித் திருகி இறக்கினால் அது கொஞ்சம் விரியும், பிறகு மேல் பாதி வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். நடுவே வைக்கிற உள்சுவர்ப் பட்டையின் அடியில் மூன்று சின்ன வெட்டு விட மறக்காதீர்கள், ஸ்பிரிட் இரண்டு சுவருக்கும் நடுவே போக வேண்டிய வழி அதுதான்.

கேள்வி: சானிடைசர், காயத்துக்குப் போடும் ஆல்கஹால் எல்லாம் ஊற்றலாமா?

இரண்டும் வேண்டாம். சானிடைசரில் தண்ணீரும் கூழும் கலந்திருக்கும். காயத்துக்குப் போடுவது பெரும்பாலும் ஐசோப்ரோபைல், பாத்திரத்தின் அடியை ஒரே கரியாக்கிவிடும். எத்தனால் அதிகம் இருக்கிற எரிபொருள் ஸ்பிரிட்தான் என் தேர்வு. மெத்தனால் எரியும், ஆனால் ஒரு மி.லி.க்கு எத்தனால் தருகிற வெப்பத்தில் முக்கால் பங்குதான் தரும். கொஞ்சம் குடித்தாலே கண் பார்வையைப் பறித்துவிடும், தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். எந்த ஸ்பிரிட்டாக இருந்தாலும் தண்ணீர் பாட்டில் மாதிரி தெரிகிற பாட்டிலில் ஊற்றவே கூடாது. இருட்டில் தாகத்தோடு கை நீட்டுகிறவர் லேபிளைப் படிக்க மாட்டார்.

கேள்வி: வீட்டில் 15 மி.லி.யில் அரை லிட்டர் கொதித்தது. மலையில் 30 மி.லி. ஊற்றியும் கொதிக்கவில்லை. அடுப்பை மாற்ற வேண்டுமா?

அடுப்பை மாற்றாதீர்கள், காற்றை மறையுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

கணக்கைப் பாருங்கள். அரை லிட்டரை 20 டிகிரியிலிருந்து 100-க்குக் கொண்டுவரச் சுமார் 167 கிலோஜூல் வேண்டும். ஒரு மி.லி. எத்தனால் ஏறக்குறைய 21 கிலோஜூல் தரும். துளிகூட வீணாகாவிட்டால் 8 மி.லி. போதும்! வீட்டில் 15 ஆனது என்றால் அங்கேயே பாதி வெப்பம் வெளியே போய்விட்டது. ஸ்பிரிட் தீ மிருதுவானது, சின்னக் காற்றுக்கே படுத்துவிடும். மலையில் உங்கள் 30 மி.லி. சூடாக்கியது காற்றைத்தான்.

பேக்கிங் செய்கிற தடித்த அலுமினியத் தட்டை வெட்டிச் சுற்றுத் தடுப்பு செய்யுங்கள். சமையலறை ஃபாயில் மடிப்பில் விரிந்துவிடும். உயரம் பாத்திரத்தின் முக்கால் வரை வரட்டும். பாத்திரத்துக்கும் தடுப்புக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைகிற அளவு இடைவெளி, அதாவது 8 முதல் 10 மி.மீ. அதிகமானால் சூடு ஓடிவிடும், குறைந்தால் தீக்கு மூச்சு முட்டும். அடியில் பாதிச் சுற்றுக்கு மட்டும் ஓட்டை போட்டு அந்தப் பக்கத்தைக் காற்று அடிக்காத புறமாகத் திருப்பி வையுங்கள். தடுப்பின் எடை 20 கிராம் வரும், அது மிச்சம் பிடிக்கிற ஸ்பிரிட் ஒரே நாளில் அதைத் தாண்டிவிடும்.

இப்படி இறுக்கமாகச் சுற்றுவது ஸ்பிரிட் அடுப்புக்கு மட்டும். கேஸ் கேனிஸ்டரின் (சின்ன வாயு உருளையின்) தலையில் மாட்டுகிற அடுப்பைச் சுற்றி வைத்தால் கேனிஸ்டர் சூடேறி வெடிக்கலாம்.

கேள்வி: மழை பெய்தால் கூடாரத்துக்குள் வைத்துச் சமைக்கலாமா அக்கா? சின்னத் தீ தானே.

கூடாது கண்ணா. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. கூடாரத் துணியும் நொடியில் பிடித்துக்கொள்ளும். பகல் வெளிச்சத்தில் ஸ்பிரிட் தீ கண்ணுக்கே தெரியாது என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். அணைந்துவிட்டது என்று நம்பி பாட்டிலிலிருந்து நேராக ஊற்றினேன், தீ ஊற்றின வழியே பாட்டில் வாய்க்கு ஏறியது. மணிக்கட்டில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அன்றிலிருந்து அடுப்பை ஒரு பெரிய டப்பாவால் கவிழ்த்து மூடி, தொட்டால் குளிர்ந்திருக்கிறது என்று தெரிந்த பிறகே ஊற்றுகிறேன், அதுவும் சின்ன அளவுக் கோப்பையால் மட்டும். நீயும் அப்படியே செய்.

கேள்வி: உண்மையில் கேஸைவிட எடை குறையுமா? நேராகச் சொல்லுங்கள்.

தனி ஆள், மூன்று நாள், நாளுக்கு இரண்டு முறை அரை லிட்டர் கொதிக்க வைப்பவர் என்றால் குறையும். 15 மி.லி. ஸ்பிரிட் 12 கிராம், ஆறு முறைக்கு 72 கிராம். அடுப்பு, தடுப்பு, பாட்டில் சேர்ந்து 50 கிராம். கேஸில் மிகச் சிறிய கேனிஸ்டரிலேயே 100 கிராம் வாயு இருக்கும், காலி உருளை மட்டும் கிட்டத்தட்ட 100 கிராம், அடுப்பு தனி. ஆனால் ஒரு கிராமுக்கு கேஸ் தருகிற வெப்பம் ஸ்பிரிட்டைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். அதனால் ஆட்கள் கூடினாலோ நாட்கள் நீண்டாலோ கேஸ்தான் மேல். பனியை உருக்கித்தான் தண்ணீர் என்றால் ஸ்பிரிட்டை நினைக்கவே வேண்டாம்: பனியை வெறுமனே உருக்க ஆகிற வெப்பத்தில் அதே தண்ணீரை 0-லிருந்து 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம்.

கேள்வி: இந்த அடுப்பில் தீயைக் குறைக்க முடியாதே, வேகவைப்பது எப்படி?

தீயைக் குறைக்க வேண்டாம், பாத்திரத்துக்குப் போர்வை போடுங்கள். வெள்ளிப் பூச்சு போட்ட குமிழித் தாளைப் பாத்திர அளவுக்கு வெட்டி ஒரு உறை, ஒரு மூடி. கொதி வந்ததும் உணவைப் போட்டு, இறக்கி, உறைக்குள் வைத்துப் பதினைந்து நிமிடம் திறக்காமல் இருங்கள். 3,000 மீட்டரில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதிப்பதால் அங்கே இன்னும் பத்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாத்திரத் தாங்கிக்குத் துத்தநாகம் பூசிய கம்பிவலை பரவாயில்லையா?

தவிர்த்துவிடுங்கள். சூட்டில் துத்தநாகப் புகை வரலாம், அது காய்ச்சல் மாதிரி படுத்தும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பியே போதும். தாங்கி தேவைப்படுகிற சோடா கேன் அடுப்பு என்றால், அடுப்பின் தலையிலிருந்து பாத்திரத்தின் அடி 4, 5 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும்.

கேள்வி: தீத்தடை போட்ட காட்டில் இதைக் கொண்டுபோகலாமா?

பல இடங்களில் அனுமதி கிடையாது, காரணமும் நியாயமானது. மூடித் திருகி உடனே அணைக்கிற வால்வு இதில் இல்லை, தட்டிவிட்டால் எரிகிற திரவம் காய்ந்த புல்லில் ஓடும். கிளம்புவதற்கு முன் வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் வால்வு உள்ள கேஸ் அடுப்புக்கு அனுமதி உண்டா என்று கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் ஊறவைத்துச் சாப்பிடுகிற உணவாக எடுத்துப்போங்கள். காலையில் ஒரு டப்பாவில் தண்ணீர் ஊற்றி மூடிப் பையில் போட்டால் மதியத்துக்குத் தயாராக இருக்கும்.