போர்டு மாட்டினேன், யாரும் பார்ப்பதில்லை

சிங்கப்பூரின் துவாஸில் பிளாஸ்டிக் டப்பா தயாரிக்கும் தொழிற்சாலையின் சூப்பர்வைசர் ஒருவர் எழுதியிருக்கிறார். காலை 8, இரவு 8 என இரண்டு ஷிஃப்ட், 14 மெஷின். ஷிஃப்ட் மாறும்போது தகவல் விட்டுப்போகிறதே என்று ஒயிட்போர்டு மாட்டினாராம். மூன்றே மாதத்தில் அதை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. இப்போது ஒருவர் வந்து, “போர்டுக்குப் பதில் எண்களைக் காட்டும் பெரிய திரை போடுங்கள், பாதிப் பணம் அரசாங்கம் தரும்” என்கிறார். முதலாளிக்கும் ஆசை வந்துவிட்டது. போடலாமா?

வேண்டாம். இப்போதைக்கு வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். 14 மெஷினுக்கு 14 வரி, அதில் 13 ‘ஓகே’. மெஷின் 7க்கு நேராக மட்டும் ‘கொஞ்சம் பிரச்சினை’. என்ன பிரச்சினை, எப்போதிலிருந்து, யார் கைவைத்தது? ஒன்றும் இல்லை. இதை எதற்கு ஒருவர் நின்று படிக்க வேண்டும்?

முதலில் ‘ஓகே’க்களை அழியுங்கள். ஒழுங்காக ஓடும் மெஷினைப் பற்றிப் போர்டு பேசவே வேண்டாம். வழக்கத்துக்கு மாறானதும் பாதியில் நிற்பதும் மட்டும் அதில் இருக்கட்டும். தரையில் மெஷின்கள் நிற்கிற வரிசையிலேயே கட்டம் வரைந்து காந்தம் ஒட்டுங்கள். நின்றுபோனதற்குச் சிவப்பு, ஓடினாலும் கண் வைக்க வேண்டியதற்கு மஞ்சள். தமிழர், பங்ளாதேஷி, மியன்மார்காரர், சீனர் என்று நாலு மொழி புழங்கும் இடத்தில் எழுத்து எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. எழுதினால் இப்படி எழுதுங்கள்: ‘3ஆம் ஹீட்டர், இரவு 2.30க்கு மாற்றியது. சூடு இன்னும் ஏறி இறங்குகிறது. 9 மணிக்குப் பார்க்க.’

அப்புறம், போகிறவரும் வருகிறவரும் போர்டு முன்னால் சேர்ந்து நிற்க வேண்டும். வருகிறவர் தான் புரிந்துகொண்டதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டுவது ஒப்படைப்பு ஆகாது.

சரி, திரை விஷயம். ஜூரோங்கில் நான் வேலை பார்த்த ஓரிடத்தில் இப்படித்தான் ஒன்று வந்தது. எண்களை உள்ளே போட்டுக்கொண்டிருந்த பெண் வேலையை விட்டுப் போனதும் ஒரு வாரம் முழுக்க அதே எண் ஒளிர்ந்தது. கடைசியில் யாரோ அதன் மூலையில் தொப்பி மாட்டிவிட்டார். மானியத்தைக் காட்டி விற்க வருகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். அரசாங்கத்தின் உற்பத்தித்திறன் தீர்வுகள் மானியத்தில் 50 விழுக்காடு வரை கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் விண்ணப்பிக்கும் முன்பே பணம் கட்டினால் மானியம் போச்சு. ‘இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி’ என்பவரைக் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். ‘உங்கள் பங்கையும் பிறகு திருப்பித் தந்துவிடுகிறோம்’ என்றால் காபியும் வேண்டாம். அது மோசடி, கையெழுத்துப் போட்ட முதலாளியும் மாட்டுவார்.

தணிக்கைக்கு வருகிறவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். போர்டு பளிச்சென்று இருக்கிறதா என்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அழித்து அழித்து எழுதிக் கறைபிடித்த போர்டுக்கு மதிப்பெண் குறையும். உயிரோடு இருக்கும் போர்டு அப்படித்தானே இருக்கும்? யாரிடம் போய்ச் சொல்வது!

எழுத்தில் அனுமதி, அதாவது பெர்மிட் வாங்கிச் செய்யும் ஆபத்தான வேலைக்கும், யாரும் ஓட்டிவிடாதபடி பூட்டுப் போட்ட மெஷினுக்கும் போர்டை மட்டும் நம்பாதீர்கள். வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் 1988 ஜூலை 6 அன்று பகல் ஷிஃப்ட் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றி வைத்திருந்தது. இரவு ஷிஃப்டுக்கு அந்தச் சேதி போகவில்லை. அந்தப் பம்பையே ஓட்டினார்கள். 167 பேர் இறந்தார்கள்.

எல்லோரும் மறக்கும் ஆள் ஒருவர் இருக்கிறார்: விடுப்பு முடிந்து வருகிறவர். ஊருக்குப் போய் மூன்று வாரம் கழித்து வருகிறார் என்று வையுங்கள். நேற்றைய ஷிஃப்டில் நடந்ததைப் போர்டு சொல்லிவிடும். ஆனால் இரண்டு வாரத்துக்கு முன் மாற்றிய அச்சு (மோல்டு) பழகிப்போய், அதன் காந்தத்தை எப்போதோ எடுத்திருப்பார்கள். மற்றவர்களுக்கு அது வழக்கம், அவருக்கு அது புதுசு. அதனால் போர்டின் ஓரத்தில் ‘இந்த மாத மாற்றங்கள்’ என்று தனிக்கட்டம் போட்டு மாதக்கடைசி வரை அழிக்காமல் வையுங்கள். முதல் நாள் அவரை மெஷின் மெஷினாகக் கூட்டிக்கொண்டு நடக்க வேண்டும். நாலு நாள் ஓய்வுக்குப் பிறகு வருபவருக்கும் இதே கதைதான். அதைவிடக் குறைந்த நேரம் போதும்.

கடைசியாக நேரம். ஒப்படைப்புக்காக 7.45க்கே வரச் சொன்னால் அந்தக் கால்மணியும் வேலை நேரம்தான். முதலாளியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நிற்கும் நேரத்தைத்தான் வேலை நேரம் என்கிறது வேலை நியமனச் சட்டம். ‘சும்மா சீக்கிரம் வாங்கப்பா’ என்றால் இரண்டு நாள் வருவார்கள். திரைக்கென்று ஒதுக்கிய பணத்தில் அதற்குச் சம்பளம் போடச் சொல்லுங்கள். படத்தில் மார்க்கரையும் காணவில்லை. ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள்.