வேப்புக்கு மாறிய பிறகு சளியில் இரத்தம்

கேள்வி: எனக்கு 54 வயது. 30 வருடமாக நாளுக்கு ஒரு பெட்டி சிகரெட் பிடித்தேன். நான்கு மாதத்துக்கு முன் மகன் வாங்கித் தந்த வேப்புக்கு (இ-சிகரெட்டுக்கு) மாறினேன். பிளேன்டீயோடு மட்டும் இரண்டு மூன்று சிகரெட். வேப்பால் ‘பொப்கோர்ன் நுரையீரல்’ வரும், நுரையீரலில் தண்ணீர் சேரும் என்று யூடியூப்பில் சொல்கிறார்கள். தொண்டை வறட்சி இருக்கிறது. போன மாதம் இரண்டு தடவை சளியில் நூல் போல இரத்தம் வந்தது. பாமசியில் சிப்ரோஃப்ளொக்சசின் வாங்கிக் குடித்தேன், நின்றுவிட்டது. வேப் என்னைக் கெடுத்துவிட்டதா? ஆஸ்துமா உள்ள பேத்தி பக்கத்தில் இருக்கும்போது பிடிக்கலாமா?
(வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: ஐயா, தொண்டை வறட்சியோடு சேர்த்து எழுதிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்களே, அந்த இரத்தம்தான் விஷயம். உங்களுக்கு உள்ளுக்குள் இருக்கும் பயம் புற்றுநோய்தான் என்று நினைக்கிறேன். அந்தப் பயத்துக்கு யூடியூப்பில் பதில் கிடைக்காது. நெஞ்சு எக்ஸ்ரேயிலும் சளிப் பரிசோதனையிலும்தான் கிடைக்கும். இரண்டையும் இந்தக் கிழமையே செய்யுங்கள்.

நாற்பதைத் தாண்டிய, நீண்ட காலம் புகைத்த ஒருவருக்குச் சளியில் இரத்தம் வந்தால், அது ஒரு துளியாக இருந்தாலும் பார்த்தே ஆகவேண்டும். பல் முரசிலிருந்தோ மூக்கிலிருந்தோ வந்திருக்கலாம், பழைய இருமலின் புண்ணாகவும் இருக்கலாம். ஆனால் அதை முடிவுசெய்ய வேண்டியவர் நீங்கள் அல்ல. நான் முதலில் தேடுவது இரண்டு நோய்களை: நுரையீரல் புற்றுநோய், காசநோய். புகைப்பவர்களுக்குக் காசநோய் வரும் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு. கொழும்பு போன்ற நெரிசலான நகரத்தில் அதை மறந்துவிட்டு இருமலைப் பார்க்க முடியாது.

அடுத்தது அந்த மாத்திரை. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். இரத்தம் ‘நின்றது’ நல்ல செய்தியே அல்ல. சிப்ரோஃப்ளொக்சசின் வகை மருந்துகள் காசநோய்க் கிருமியைக் கொஞ்சக் காலம் அடக்கிவைக்கும், குணமாக்காது. ஆள் தேறிவிட்டேன் என்று நினைப்பார், பரிசோதனையில் கிருமி பிடிபடாமல் போகும், நோய் உள்ளே வளரும், வீட்டுப் பிள்ளைகளுக்கும் தொற்றும். இனி ஒரு மாத்திரைகூட நீங்களாக வாங்காதீர்கள். என்ன மருந்து, எத்தனை நாள் குடித்தீர்கள் என்பதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மருதானை டீன்ஸ் வீதியில் மத்திய மார்பு நோய் சிகிச்சை நிலையம் இருக்கிறது. காசநோய்க்கான பரிசோதனையும் மருந்தும் அரசாங்கத்தில் இலவசம். சளி மாதிரிகளில் ஒன்றாவது காலையில் எழுந்தவுடன் எடுத்ததாக இருக்கட்டும், எச்சில் வேண்டாம், நெஞ்சிலிருந்து இருமி எடுத்தது வேண்டும். எக்ஸ்ரே சுத்தமாக வந்தால் சந்தோஷப்பட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். உங்கள் வயதுக்கும் 30 வருடப் புகைக்கும், சீடி ஸ்கேன் வேண்டுமா என்று கேளுங்கள். நான் என்றால் எடுக்கச் சொல்வேன். காசநோய் என்று வந்தால் வழக்கமாக ஆறு மாத மருந்தில் குணமாகும். இதற்கிடையில் இரத்தம் வாய் நிறைய வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ கிளினிக் திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம், 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

சரி, மற்றவை. பொப்கோர்ன் நுரையீரல் என்பது பொப்கோர்ன் தொழிற்சாலையில் டயசெட்டில் என்ற வெண்ணெய் மணப் பொருளைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு வந்த நோய். அதை விடுங்கள். தண்ணீர் சேர்வது கட்டுக்கதை. தொண்டை வறட்சி வேப் திரவத்தால் வருவது, தண்ணீர் குடியுங்கள். 2019இல் அமெரிக்காவில் வேப் பிடித்தவர்கள் இறந்தது உண்மை. அதற்கு முக்கிய காரணம் கஞ்சாச் சத்து சேர்ந்த கள்ளத் திரவங்களில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிட்டேட். பெட்டியில் எழுதியதை நம்பி, எங்கிருந்து வந்தது என்று தெரியாத திரவத்தை இழுக்காதீர்கள் என்பதற்குத்தான் அதைச் சொல்கிறேன்.

வேப் உங்களைக் கெடுத்ததா என்றால், நான்கு மாத வேப்பைவிட 30 வருட சிகரெட் மேல்தான் எனக்குச் சந்தேகம். எரிவதில்லை என்பதால் தாரும் கார்பன் மொனொக்சைடும் வேப்பில் இல்லை. சிகரெட்டை முழுதாக விட்டவருக்கு அது குறைந்த கேடு. கேடே இல்லாதது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் முழுதாக விடவில்லையே. நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும், இருபது பிடிப்பவருக்குக் கூடும் இதயநோய் ஆபத்தில் கிட்டத்தட்ட பாதி இருக்கிறது. ஆகவே முதலில் போக வேண்டியது அந்தப் பிளேன்டீ சிகரெட். அப்புறம் வேப். சிகரெட் ஒரு இடத்தில் முடியும், வேப் முடிவதில்லை, நாள் முழுக்கக் கையிலேயே இருக்கும். அதனால் எவ்வளவு நிக்கொட்டின் உள்ளே போகிறது என்றே தெரியாது. தனியாக முடியாவிட்டால் 1948 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் விடுவதற்கு உதவுவார்கள்.

பேத்தி முன் பிடிக்கலாமா? கூடாது. சிகரெட் புகையைவிடக் குறைவுதான், சீக்கிரம் கலைந்தும் போகும், ஆனால் அதில் நிக்கொட்டினும் நுண் துகள்களும் இருக்கின்றன, ஆஸ்துமாப் பிள்ளைக்கு இழுப்பு வர அது போதும். ஜன்னலைத் திறந்துவிட்டு உள்ளே பிடிப்பதும் வேண்டாம், வெளியே போங்கள். லிப்டிலும் பஸ்ஸிலும் கல்யாண மண்டபத்திலும் அப்படியே. மாம்பழ வாசனை வருகிறது என்பதற்காகப் பக்கத்தில் நிற்பவர் உங்கள் மூச்சை இழுக்கச் சம்மதித்ததாக ஆகாது.

அந்தத் திரவப் போத்தலைப் பூட்டி வையுங்கள். இனிப்பு வாசனைக்குச் சின்னப் பிள்ளைகள் வாயில் வைப்பார்கள், கொஞ்சம் உள்ளே போனாலும் நிக்கொட்டின் நஞ்சு உயிரை எடுக்கலாம். அப்படி நடந்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.