கன உலோகங்கள் அதிவேக அடியில் முறிவது: வாசகர் கேள்விகள்

எங்கள் கலவையில் 93% டங்ஸ்டன், மீதி நிக்கல்-இரும்பு. மெதுவாக இழுத்தால் 20% நீள்கிறது. வேகமாக அடித்தால் சட்டென முறிகிறது. கலவையில் கோளாறா?

முறிந்த முகத்தை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பாருங்கள். அதற்கு முன் எந்த முடிவுக்கும் வராதீர்கள். டங்ஸ்டன் மணிகள் (பிணைப்பு உலோகத்தில் பதிந்த டங்ஸ்டன் துகள்கள்) தட்டையாகப் பிளந்திருந்தால் கலவை நல்லதுதான். டங்ஸ்டன் பொருள்மைய கனச்சதுர உலோகம், அதாவது அணுக்கள் கனச்சதுரத்தின் மூலைகளிலும் நடுவிலும் அமைந்தது. அதன் திருகு டிஸ்லொகேஷன்கள் (உலோகம் முறியாமல் வளைய உதவும், அணு வரிசைப் பிசகுகள்) நகர வெப்பத்தின் துணை வேண்டும். திரிபு வீதம் (நீளம் மாறும் பங்கின் வேகம்) நொடிக்கு 10⁻³-லிருந்து 10³ ஆனால், உலோகத்தைக் குளிரவைத்து இழுத்ததற்குச் சமம்; அதனால்தான் சட்டென முறிகிறது.

மணிகள் பிளக்காமல், உருண்டையாக, வழுவழுப்பாகத் துருத்திக்கொண்டிருந்தால் மணிக்கும் பிணைப்பு உலோகத்துக்கும் இடையிலான ஒட்டு பலவீனம். சின்டரிங்கில் (தூளைச் சூடாக்கி இறுக்கும்போது) சிக்கிய ஹைட்ரஜனோ, எல்லையில் படிந்த பாஸ்பரஸ், கந்தகமோ காரணமாக இருக்கலாம். வெற்றிடத்திலோ ஆர்கானிலோ சுமார் 1100 டிகிரி செல்சியஸில் வைத்திருந்து, நேராகத் தண்ணீரில் குளிர்வியுங்கள். உலையிலேயே மெல்ல ஆறவிட்டால் பாஸ்பரஸ் மறுபடி எல்லைக்கு வந்துவிடும். தடிமன் இரட்டித்தால் ஹைட்ரஜன் வெளியேறும் நேரம் நான்கு மடங்கு.

மணியோடு மணி நேரடியாக ஒட்டிய இடங்கள் முதலில் திறந்திருந்தால் வெப்பப் பதனம் அதிகம் உதவாது. டங்ஸ்டன் விகிதத்தைக் குறைப்பதே வழி.

ஹாப்கின்சன் பார் சோதனையில் (நீண்ட தண்டுகளுக்கு நடுவே மாதிரியை வைத்து அலையால் அடிப்பது) தூய டங்ஸ்டனின் தகைவு (பரப்பலகுக்கான விசை) வளைகோடு ஆரம்பத்திலேயே அலைபாய்கிறது. நம்பலாமா?

அந்தப் பகுதியை நம்பாதீர்கள். 5 மி.மீ. மாதிரியை அலை ஒருமுறை கடக்க ஏறத்தாழ 1.1 மைக்ரோ நொடி ஆகும். இரு முனைகளிலும் விசை சமமாவதற்கு அலை மூன்று நான்கு முறையாவது கடக்க வேண்டும். நொடிக்கு 1000 என்ற வீதத்தில் 1% திரிபிலேயே மாதிரி முறிந்தால், கையில் இருப்பது மொத்தம் 10 மைக்ரோ நொடி. தண்டின் மோதும் முகத்தில் அனீல் செய்த (சூடாக்கி மென்மையாக்கிய) சிறு செம்பு வில்லையை வையுங்கள். அலை சரிவாக ஏறும். பிறகு இரு முனை விசைகளையும் ஒரே வரைபடத்தில் போட்டு ஒப்பிடுங்கள்.

டான்டலம் தட்டு மோதல் சோதனையில் பின்முக வேகம் உச்சத்திலிருந்து 200 மீ/வி இறங்கி மீண்டும் எழுந்தது. ஸ்பால் வலிமை (அதிர்ச்சி அலை திரும்பும்போது உள்ளே பிளக்கத் தேவையான இழுவைத் தகைவு) என்ன?

அடர்த்தி, ஒலி வேகம், வேக இறக்கம் மூன்றின் பெருக்கலில் பாதி: 0.5 × 16,650 × 3,400 × 200, அதாவது சுமார் 5.7 ஜிகாபாஸ்கல். மீள்-நெகிழ் அலைத் திருத்தம் சேர்த்தால் சற்று கூடும். இழுவைத் திரிபு வீதத்தையும் உடன் எழுதாவிட்டால் இந்த எண்ணை வேறு சோதனையோடு ஒப்பிட முடியாது. மாதிரியை மெத்தென்ற பொருளில் பிடித்து, குறுக்கே வெட்டிப் பாருங்கள்: டான்டலத்தில் நுண்குழிகள் வளர்ந்து இணைந்திருக்கும், டங்ஸ்டனில் பிளவுகள் ஓடியிருக்கும்.

அடியில் மாதிரி எவ்வளவு சூடாகும்?

2 ஜிகாபாஸ்கல் தகைவில் 20% திரிபு, அதற்குச் செலவான வேலையில் 90% வெப்பமானால் டங்ஸ்டன் கலவையில் சுமார் 140 டிகிரி ஏறும். இது சராசரி, வெட்டுப் பட்டை (உருமாற்றம் குவியும் மெல்லிய பகுதி) உருவானால் அதற்குள் இதைவிடப் பல மடங்கு.