கேள்வி நேரம்: உள்ளே விட்டவரையே திருப்பி அனுப்பும் கேட்வே

கேள்வி: மஞ்சள் வியாபாரிகளுக்காக ஒரு செயலி எழுதுகிறோம் சார், சின்ன குழு. செயலியின் அழைப்புகளை வாங்கி உள்ளே அனுப்ப, முன்னால் அமேசான் ஏபிஐ கேட்வே. லாகின் ஆனவருக்குத் தரும் டோக்கனை (அடையாளக் குறியீடு) சரிபார்க்க ஒரு லாம்டா ஆத்தரைசர், அதாவது நாங்கள் எழுதிய சின்ன நிரல். லாகின் ஆனதும் இருப்புப் பட்டியல் வந்துவிடுகிறது. உடனே விலை பதிவு செய்தால் 403, அதாவது அனுமதி மறுப்பு. கொஞ்ச நேரம் விட்டு முதலில் விலையைப் பதிந்தால் பதிவாகிறது, ஆனால் அப்போது பட்டியலுக்கு 403! டோக்கன் ஒன்றேதான். ஆத்தரைசர் லாகில் பிழை எதுவும் இல்லை. ஆத்தரைசரின் முடிவைக் கேட்வே சேமித்து வைக்கும் கேச்சை அணைத்தால் எல்லாம் சரியாகிறது. அப்படியே விட்டுவிடலாமா?
- வாசகி, ஈரோடு

பதில்: விடாதீர்கள். கேச்சை அணைத்துப் பார்த்தீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. லாகை மறுபடி பாருங்கள். 403 வந்த அந்த அழைப்புக்குப் பிழை மட்டுமல்ல, பதிவே இருக்காது. கேட்வே அப்போது உங்கள் லாம்டாவைக் கூப்பிடவே இல்லை.

ஆத்தரைசர் திருப்பித் தருவது ஒரு பாலிசி. இன்னார் இன்ன பாதையை இன்ன மெத்தடில் (கெட், GET, என்றால் படிக்க; போஸ்ட், POST, என்றால் பதிய) அழைக்கலாம் என்று எழுதிய சீட்டு அது. மாதிரி நிரல்கள் பலவற்றில், ரிசோர்ஸ் என்ற இடத்தில் உள்ளே வந்த மெத்தட் ஏஆர்என்னை (எந்த ஏபிஐ, ஸ்டேஜ், மெத்தட், பாதை என்று சொல்லும் முகவரி) அப்படியே திருப்பி வைத்திருப்பார்கள். நீங்களும் அதைத்தான் எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இருப்பைக் கேட்டபோது அந்த ஏஆர்என்னில் கெட்டும் இருப்புப் பாதையும் மட்டுமே இருந்தன. கேட்வே அந்தச் சீட்டை டோக்கனின் பெயரில் 300 விநாடி பத்திரப்படுத்துகிறது. நீங்கள் மாற்றாவிட்டால் அதுதான் கணக்கு. அடுத்து அதே டோக்கனோடு விலைப் பதிவுக்கான போஸ்ட் வருகிறது. பழைய சீட்டில் போஸ்ட் இல்லை. அனுமதி எழுதாததெல்லாம் மறுப்பு என்பதுதான் விதி, ஆக 403. விலையை முதலில் பதிந்தால் இதே கதை தலைகீழாக நடக்கும்.

சரி, என்ன செய்வது? ஏஆர்என்னில் ஸ்டேஜுக்கு (ஏபிஐயின் வெளியிட்ட பதிப்பு) பின்னால் 'எல்லாம்' என்று பொருள்படும் ஒரு நட்சத்திரம் போடுங்கள் என்று பலர் சொல்வார்கள். 403 போய்விடும், உண்மைதான். ஆனால் நிர்வாகியின் 'நீக்கு' பாதையும் அதே ஏபிஐயில் இருந்தால், சாதாரண வியாபாரியின் டோக்கன் அதையும் திறக்கும். அடுத்தவர் விலையை ஒருவர் அழிக்க முடிகிற செயலியை மண்டியில் யார் நம்புவார்கள்? தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

வந்த அழைப்பை விட்டுவிட்டு, டோக்கனுக்கு உரியவரை வைத்துப் பாலிசியை எழுதுங்கள். டோக்கனுக்குள் அவருடைய பொறுப்பு இருக்குமல்லவா? வியாபாரி என்றால் இருப்புக்கு கெட், விலைக்கு போஸ்ட், இரண்டையும் ஒரே பாலிசியில் வையுங்கள். நிர்வாகி என்றால் கூடவே நீக்குவதும். இப்போது கேச் எந்தச் சீட்டை எடுத்து நீட்டினாலும் அது முழுச் சீட்டுதான்.

டோக்கனோடு அழைப்பின் மற்ற விவரங்களையும் பார்க்கும் ரிக்வெஸ்ட் வகை ஆத்தரைசருக்கு மாறி, மெத்தடையும் பாதையையும் கேச் சாவியில் (சீட்டைத் தேடி எடுக்கும் குறி) சேர்ப்பது இன்னொரு வழி. முடிவு ஒவ்வொரு பாதைக்கும் வேறுபட்டால் அது பொருந்தும்; உங்களுக்குத் தேவைப்படாது. கேச்சை அணைத்தே வைத்தால் ஒவ்வொரு தொடுதலுக்கும் ஒரு லாம்டா ஓடும். பணம் ஒரு பக்கம், ஏலம் நடக்கிற நேரத்தில் தாமதம் இன்னொரு பக்கம்.

அப்புறம், 'இந்த விலை இவர் பதிந்ததுதானா' என்ற கேள்வியைக் கேட்வேயின் தலையில் கட்டாதீர்கள். தரவுத்தளம் பின்னால்தான் இருக்கிறது, அங்கேயே கேளுங்கள். சரிசெய்த பிறகு ஸ்டேஜின் ஆத்தரைசர் கேச்சைக் காலி செய்துவிட்டு போஸ்ட்மேன் என்ற சோதனைச் செயலியிலோ கர்ல் கட்டளையிலோ சோதியுங்கள். அமேசான் கன்சோலில் மெத்தட் பக்கத்தில் உள்ள டெஸ்ட் பொத்தான் ஆத்தரைசரைத் தொடாமலேயே போய்விடும். அங்கே 200 வந்தாலும் நம்ப வேண்டாம்.

கேள்வி: லாகவுட் செய்த பிறகும் பழைய டோக்கன் வேலை செய்கிறது. ஏன்?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: நீங்கள் தருவது ஜேடபிள்யூடி (விவரங்களைத் தன்னுள்ளேயே வைத்துக் கையெழுத்திட்ட டோக்கன்) என்றால் அது அப்படித்தான் இருக்கும். கையெழுத்து சரியா, காலாவதி நேரம் தாண்டவில்லையா, யார் கொடுத்தது, யாருக்காகக் கொடுத்தது என்பது போன்றவற்றை மட்டுமே கேட்வே பார்க்கிறது. லாகவுட் நடந்த செய்தி அதற்குப் போவதில்லை. அழைப்புகளோடு போகும் ஆக்சஸ் டோக்கனின் ஆயுளைக் கால் மணி நேரம் போலக் குறைத்து வையுங்கள், லாகவுட்டின்போது புது ஆக்சஸ் டோக்கன் வாங்க உதவும் ரிஃப்ரெஷ் டோக்கனை ரத்து செய்யுங்கள். ஆத்தரைசர் கேச் இருந்தால் அந்த நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்: ஆயுள் முடியும் தறுவாயில் கேச்சில் ஏறிய டோக்கன், காலாவதிக்குப் பிறகும் அந்த 300 விநாடி வரை உள்ளே போகலாம். பணம் கைமாறும் பாதைகளுக்குத் தனி ஆத்தரைசர் வைத்து, அதற்கு மட்டும் கேச் நேரத்தைப் பூஜ்யமாக்குங்கள். ரத்தான டோக்கன்களின் பட்டியலையும் அந்த ஆத்தரைசரே பார்த்துக்கொள்ளட்டும்.

கேள்வி: டோக்கன் வேலையெல்லாம் பெரிதாக இருக்கிறது. அழைப்போடு அனுப்பும் நிலையான குறியீடான ஏபிஐ கீ மட்டும் போதாதா?
- வாசகர், சேலம்

பதில்: போதாது. அந்த கீ யார் எவ்வளவு அழைக்கிறார்கள் என்று எண்ணவும் கட்டுப்படுத்தவும் வந்தது. செயலிக்குள் வைத்தால் அதன் நிறுவல் கோப்பான ஏபிகேயைப் பிரிக்கத் தெரிந்த யாரும் அதை எடுத்துவிடுவார்கள். அதை வைத்து ஆளை அடையாளம் காணவும் முடியாது. டோக்கனோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், டோக்கனுக்குப் பதிலாக வேண்டாம்.